உள்ளங்கை நிலம் பார்க்க

எங்கள் சாரதிகள் சங்கம் இந்த வருஷம் ஒரு சிறப்பு மலர் போடுகிறது. பழைய ஆள் என்ற முறையில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்க இரண்டு இளம் சாரதிகள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் கையில், இப்போது லைசன் எடுக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கேள்வித்தாள் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படம். படத்துக்குக் கீழே சில விடைகள். சரியானதற்கு நேரே புள்ளடி போட்டால் போதும். வாய் திறக்க வேண்டியதில்லை.

ஒரு படத்தில் வண்டியின் ஜன்னலிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. உள்ளங்கை கீழே பார்க்கிறது. பக்கத்தில் மேலும் கீழுமாக அம்புக்குறி.

"இதெல்லாம் இப்ப யாரு போடுறா பெரியவரே? அதான் பின்னால லைட்டு இருக்கே" என்றார் ஒருவர்.

மற்றவர் சிரித்தார். "பாத்தா, வா வான்னு ஆளக் கூப்பிடுற மாதிரியே இருக்கு. ஆமா, கலஹா ரோட்டுல உங்க பஸ் கிளீனருங்க எல்லாம் ஃபுட்போட்டுல நின்னுக்கிட்டு 'உங்கள இல்ல, உங்கள இல்ல'ன்னு கத்துவாங்களாமே? எங்க அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அது ஏன்?"

சரி, அதையே எழுதுகிறேன் என்றேன். அவர் சிரித்த அதே சிரிப்பை நாங்களும் ஒரு காலத்தில் சிரித்தோம்.

நான் பிறந்தது கண்டி மலையில், கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்குப் படித்தேன். பிறகு ஓடிவிட்டேன். கடுகண்ணாவையில் தேநீர்க் கடையில் கிளாஸ் கழுவினேன். ரோட்டுக்குக் கல் உடைத்தேன். கட்டுகஸ்தோட்டையில் பாலத்தடிக் கடைகளுக்கு மூட்டை இறக்கினேன். சாக்கின் மேல் படுப்பேன், காய்ச்சல் வந்தால் அதே சாக்கைப் போர்த்திக்கொள்வேன். அப்போது என்னைப் போல நிறையப் பேர் இருந்தார்கள். எந்த இடத்திலும் மனம் நிற்கவில்லை. என் பெயர் சன்னாசி. பேருக்கேற்ற ஆள் என்று எல்லாரும் கேலி செய்வார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் மீரான் நானாவின் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். கட்டுகஸ்தோட்டைக்காரர், ஆனால் குடியிருந்தது கலஹாவில். சொந்த வண்டி, அவரே சாரதி. கலஹாவிலிருந்து பேராதனை வழியாகக் கண்டிக்கு ஓட்டம். பலகையால் அடித்த உடம்பு, பக்கத்துக்குக் கன்வஸ் திரை. ஏற்றத்தில் வண்டி நின்றால் பின்னால் உருளாமல் சில்லுக்குக் கட்டை வைப்பது என் வேலை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நான்தான்.

மீரான் நானா காலையில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒவ்வொரு சில்லையும் காலால் தட்டிப் பார்ப்பார். பிறகு கைக்குட்டையை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைப்பார். அதில் தூசி இருக்காது, நான் முன்பே துடைத்திருப்பேன். ஆனாலும் துடைப்பார். சாரத்துக்கு மேல் கறுப்புக் கோட்டு, தலையில் தொப்பி. தொண்டை கரகரப்பு, சத்தம் வெளியே வராது. ஹாரன் அடித்தால் வண்டி மாடு மிரளும் என்று அதையும் அதிகம் அடிக்க மாட்டார். அதனால் எல்லாவற்றுக்கும் கைதான். லயத்துப் பக்கமிருந்து யாராவது ஓடி வருவது தெரிந்தால் வண்டியை நிறுத்தி, கையை வெளியே நீட்டி, வா வா என்று ஆட்டுவார். அவர் கை ஆடினால் வண்டி நிற்கும், ஆளை விட்டுவிட்டுப் போகாது. அந்த ரோட்டில் குழந்தைகளுக்குக்கூட அது தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் கைச்சைகை காட்ட வேண்டும் என்று சட்டம் கடுமையாக்கினார்கள். மீரான் நானா லைசன் எடுத்த காலத்தில் அதெல்லாம் யாரும் கேட்டதில்லை. இப்போது பொலிஸ்காரர்கள் வண்டியை மறித்து, சைகை தெரியுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். எனக்கும் லைசன் எடுக்கும் ஆசை வந்திருந்தது. அப்போது பரீட்சை வாய்க்கேள்விதான். பரிசோதகர் கேட்பார், சொல்ல வேண்டும். காட்டு என்பார், காட்ட வேண்டும். அதில் தேறினால் பழகுவதற்கு அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். லைசன் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டலாம்.

விதிகள் இங்கிலீசில் இருந்தன. எங்கள் இருவருக்கும் அது ஆகாது. நானாவின் பக்கத்து வீட்டில் சபாபதி என்ற யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் வாடகைக்கு இருந்தார். கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை, தினமும் எங்கள் பஸ்ஸில்தான் போவார். அவர் வாசித்துச் சொல்ல ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்காருவார். நானும் நானாவும் எதிரே வாங்குப் பலகையில் உட்காருவோம். அவரைவிட வயதில் மூத்த நானா, பள்ளிப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்.

"இஞ்சை பாரும் சன்னாசி. வண்டியை மெதுவாக்கப் போறீர் எண்டால் வலக்கையை வெளியில நீட்ட வேணும். உள்ளங்கை நிலம் பார்க்க. பிறகு மெல்ல மேலையும் கீழையும் ஆட்ட வேணும். விளங்கிச்சோ?"

நான் நீட்டி ஆட்டினேன். நானாவும் நீட்டி ஆட்டினார். தெருவில் போய்க்கொண்டிருந்த கடலைக்காரர் நேரே எங்களிடம் வந்து கூடையை இறக்கினார்.

"எவ்வளவுக்குங்க?"

"ஒன்ன யாரு கூப்பிட்டது?" என்றார் நானா.

"நீங்கதான் ரெண்டு பேரும் சேந்து கூப்பிட்டீங்க."

கிளாக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கடலை வாங்காமல் அவர் போகவில்லை.

"எனக்கு ஒண்ணு வெளங்கல்ல கிளாக்கர்" என்றார் நானா, கடலையை உடைத்துக்கொண்டு. "இது ஆளக் கூப்பிடுறதுதானே? இத வச்சு எப்பிடி மெதுவாப் போறேன்னு காட்டுறது?"

"வெள்ளைக்காரன் இப்படிக் கூப்பிட மாட்டான். அவன் உள்ளங்கையை மேல காட்டி விரலை மடக்கித்தான் கூப்பிடுவான்."

"அது நாயக் கூப்பிடுறதல்லவா?"

"அவனுக்கு அதுதான் மனிசரைக் கூப்பிடுறது. சட்டம் எழுதினது அவன். அவன்ரை கைக்கு எழுதியிருக்கிறான்."

அதற்கும் சிரித்தோம். பிறகு வேறு கேள்விக்குப் போய்விட்டோம். மலைப் பாதையில் யார் யாருக்கு வழிவிட வேண்டும், ஏறுகிறவனா இறங்குகிறவனா. இறங்குகிறவன்தான். இப்படி.

பாடம் முடிந்த வாரத்தில் அது நடந்தது.

காலை ஓட்டம். கலஹாவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மழை பெய்து விட்டிருந்தது. ஒரு வளைவுக்குக் கீழே கடை ஒன்று உண்டு, அதன் முன்னால் இடது பக்கத்தில் சிலர் பஸ்ஸுக்கு நின்றார்கள். வலது பக்கத்து மேட்டில் ஒரு பெண் துணி மூட்டையோடு நின்றாள். அவள் புருஷன் பின்னால் நின்று செருப்பிலிருந்த சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தான். எங்களுக்குப் பின்னால் தோட்டத் துரை ஒருவரின் கார். மேலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

நான் பின் ஃபுட்போட்டில் கட்டையோடு நின்றேன். நானா வண்டியை மெதுவாக்கினார். கை வெளியே வந்தது. உள்ளங்கை நிலம் பார்க்க. மெல்ல மேலே, மெல்லக் கீழே. கிளாக்கர் சொன்னதில் ஒரு குறை இல்லை. நானா பாடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டார் என்று நினைத்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மேட்டில் நின்ற பெண் சிரித்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். அதே நேரம் பின்னால் வந்த கார் உறுமிக்கொண்டு எங்களை முந்த வலது பக்கம் ஏறியது.

சத்தம் பெரிதாக இல்லை. மூட்டை மட்டும் தூரத்தில் போய் விழுந்தது.

வண்டி நின்றதும் நான் குதித்துச் சில்லுக்குக் கட்டை வைத்தேன். அந்த நேரத்திலும் கை தன் வேலையைச் செய்தது. நான் நிமிர்ந்தபோது நானா அவள் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். அவளுக்கு நினைவு இருந்தது. அழவில்லை, திட்டவுமில்லை. அவர் முகத்தைப் பார்த்து, ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"நீங்கதானே கூப்பிட்டீங்க?"

நானா வாயைத் திறந்தார். தொண்டையில் சத்தம் வரவில்லை.

கார் சாரதி ஓடி வந்தார். கண்டிப் பக்கத்துத் தமிழர், வெள்ளை உடுப்புப் போட்டவர், நானாவைப் போலப் பழைய காலத்தில் லைசன் எடுத்தவர். நானாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அண்ணே, நீங்கதானே வரச் சொன்னீங்க? கையக் காட்டினீங்களே. வா, முந்திப் போன்னு காட்டினீங்களே."

ஒரு கை. ஒரே ஆட்டம். முன்னால் நின்றவளும் வந்தாள், பின்னால் வந்தவனும் வந்தான். இருவரையும் அந்தக் கை ஒரே இடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. நானா அவர்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை.

அவளை அந்தக் காரிலேயே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். துரை முன்னால் ஏறிக்கொண்டு பின் ஆசனத்தை அவளுக்கு விட்டார். அவள் பிழைக்கவில்லை. காத்தாயி என்று பெயர். பேராதனையில் பிரசவித்திருந்த மகளைப் பார்க்கப் புறப்பட்டவள்.

மரண விசாரணையில் என்னையும் கேட்டார்கள்.

"சாரதி கை காட்டினாரா?"

"காட்டினாருங்க."

"உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்தது?"

"கீழ பாத்ததுங்க."

"மேலும் கீழும் ஆடியதா?"

"ஆமாங்க."

அவ்வளவுதான். அந்தக் கையைப் பார்த்தால் எங்கள் ஊரில் என்ன தோன்றும் என்று யாரும் கேட்கவில்லை. நானே முன்வந்து சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. சாரதி விதிப்படி சரியான சைகை காட்டினார், கார் சாரதி சைகையைத் தவறாக விளங்கிக்கொண்டார், அந்தப் பெண் ரோட்டைக் கவனிக்காமல் இறங்கினாள், இது விபத்து என்று முடித்தார்கள். நானாமேல் ஒரு குற்றமும் இல்லை என்று இரண்டு முறை வாசித்தார்கள். காத்தாயியின் புருஷன் சுவரோரம் நின்றிருந்தான். வெளியே வரும்போது எங்களைப் பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னான்.

"கவனிக்காம எறங்கலீங்க. கவனிச்சுத்தான் எறங்கினா. நானும் பாத்தேனே, கூப்பிட்டீங்க."

அதற்குப் பிறகு மீரான் நானா வண்டி ஓட்டவில்லை. காலையில் வருவார், சில்லுகளைத் தட்டிப் பார்ப்பார், ஸ்டியரிங்கைத் துடைப்பார், திரும்பிப் போவார். வலக்கையைக் கோட்டுப் பைக்குள் வைத்திருப்பார். வீட்டில் பிள்ளைகளைக்கூடக் கை காட்டிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார் என்று அவர் மனைவி சொன்னார். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் நிற்கும் இடத்துக்கு நடந்து வந்து சொல்வார்.

வண்டி நின்றால் வருமானம் நிற்கும். வேறு சாரதி வைக்க அவருக்கு வசதியில்லை. நான் சீட்டு எடுத்து, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்ட வேண்டும், இல்லையென்றால் வண்டியை விற்க வேண்டும். வேறு வழி இல்லை. எனக்குப் பழைய புத்தி வந்தது. சாக்கைச் சுருட்டிக் கட்டினேன். மட்டக்களப்புப் பக்கம் போகலாம் என்று ஒரு யோசனை. நானா நடந்து வந்தார். கட்டிய சாக்கைப் பார்த்தார்.

"போகப் போறியா?"

"பரீட்சையில அந்தக் கையக் காட்டச் சொல்லுவாங்க நானா. எனக்கு வராது."

"ஒனக்குப் போக எடம் இரிக்கி சன்னாசி. நீ எங்கேயும் போவாய். எனக்கு இந்த வண்டிய விட்டா ஒண்ணுமில்ல. என்னால ஓட்டவும் ஏலாது, விக்கவும் ஏலாது." சாக்கின் முடிச்சைக் காலால் தட்டினார். "பரீட்சைக்குப் போயிட்டு வந்து போ."

சாக்கை அவிழ்த்தேன். மறுபடியும் கிளாக்கர் வாசலில் போய் உட்கார்ந்தேன். இந்த முறை நான் மட்டும். எல்லாக் கேள்விக்கும் விடை வந்தது. அந்த ஒரு சைகைக்கு மட்டும் கை முழங்கையோடு நின்றுவிடும்.

"இதைக் காட்டாட்டில் அவங்கள் சீட்டுத் தர மாட்டாங்கள் சன்னாசி."

"இதுக்கு வேற கை இல்லீங்களா ஐயா?"

அவர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவர் இப்போது சிரிப்பதில்லை. "இல்லை. இது ஒண்டுதான் இருக்கு" என்றார்.

பரீட்சை கண்டியில் ஒரு அரசாங்கக் கட்டிடத்து அறையில் நடந்தது. பரிசோதகர் ஒரு பறங்கியர். தோட்டங்களில் வேலை பார்த்தவர், அதனால் லயத்துத் தமிழ் பேசுவார். ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். நகத்தில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்ப்பாராம். மேசையில் சோக்குக்கட்டியால் வளைந்து வளைந்து ஒரு ரோடு போட்டிருந்தார். அதன்மேல் தீப்பெட்டிகள். ஒன்று ஏறுகிற லொறி, ஒன்று இறங்குகிற கார், ஓரமாக வைத்த சுருட்டுத் துண்டு மாட்டு வண்டி.

"இது நீ. இது அவன். யாரு நிக்கணும்?"

இறங்குகிற தீப்பெட்டியைத் தொட்டுக் காட்டினேன்.

"மாடு மிரண்டா?"

"ஹாரன் அடிக்கக் கூடாதுங்க. எஞ்சினை நிப்பாட்டி, மாடு தாண்டினப்புறம் எடுக்கணும்."

"ம். வலது பக்கம் திரும்பப் போறே. காட்டு."

காட்டினேன்.

"நிப்பாட்டப் போறே."

காட்டினேன்.

"மெதுவாக்கப் போறே."

என் வலப்பக்கம் வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே ஸ்டூலில் ஒரு வயதான சிங்களப் பியூன் உட்கார்ந்திருந்தார். நான் மேசையில் இருந்த தீப்பெட்டிகளையே பார்த்தேன். நானாவின் வண்டி கன்வஸ் போர்த்தி நிற்பதை நினைத்தேன். கையை நீட்டினேன். உள்ளங்கை நிலம் பார்க்க. மெல்ல ஆட்டினேன். இன்னொருவர் கையை ஆட்டுவது போல இருந்தது.

பியூன் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார்.

பரிசோதகர் நிமிர்ந்தார். இப்போதாவது ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"உன்னைய இல்லை. போ, போ." பிறகு என்னிடம், "பரீட்சை வச்ச நாளெல்லாம் இவனுக்கு இதே வேலை. யாரு கை காட்டினாலும் வந்து நிப்பான். எத்தினை தரம் சொல்லியாச்சு."

சொல்லிக்கொண்டே சரி என்று தாளில் அடையாளம் போட்டார்.

பரீட்சை வைத்த நாளெல்லாம். அப்படியென்றால் இது இந்த அறைக்குத் தெரிந்த விஷயம். ஒவ்வொரு முறையும் கை ஆடியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் எழுந்து வந்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் சரி என்று அடையாளம் விழுந்திருக்கிறது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. தலையில் அடி வாங்கியவன் போல உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, கலஹா ரோட்டுல ஒரு பொம்பளையும் இப்பிடித்தான் வந்தாங்க" என்றேன்.

"கேள்விப்பட்டேன்" என்றார். சிரிப்பு நின்றிருந்தது. சீட்டில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். "அந்த டிரைவர் சைகையைச் சரியாத்தான் போட்டிருக்கான்."

சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பியூன் என்னை வாசலில் நிறுத்தினார். அவருக்கு மனவருத்தம்.

"ஐயா எனக்கு ஏசுறது. பரீட்சைக்கு வாற ஆள் எல்லாம் கூப்பிடுறது. நான் வராம இருந்தா, கூப்பிட்டா ஏன் வரல்லன்னு கேக்கிறதும் ஐயாதான். நீங்கதானே கூப்பிட்டது?"

"உங்கள இல்லீங்க" என்றேன். அந்தப் பெண்ணுக்கு நானா சொல்ல முடியாமல் போன வார்த்தை அதுதான் என்று அதைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பின்னாளில் என் வண்டியில் ஏறிய ஒவ்வொரு கிளீனருக்கும் நான் முதலில் பழக்கிக்கொடுத்ததும் அதுதான். என் கை வெளியே போனால் ஃபுட்போட்டில் நிற்கிறவன் கத்த வேண்டும். சனங்கள் சிரித்தாலும் சரி.

படியிறங்கி ரோட்டோரத்துக்கு வந்தேன். எதிர்ப்பக்கத்தில் மரத்தடியில் மீரான் நானா காத்துக்கொண்டு நின்றார். காலையில் என்னோடு வந்தவர், உள்ளே வர மனமில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறார். நான் சீட்டைத் தூக்கிக் காட்டினேன். அவருக்கு அது தெரிந்தது. முகம் மலர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் கோட்டுப் பையிலிருந்து வலக்கை வெளியே வந்தது. உள்ளங்கை நிலம் பார்க்க, மேலும் கீழும், வா வா என்று ஆடியது.

எங்களுக்கு நடுவில் ரிக்‌ஷாக்களும் மாட்டு வண்டிகளும் கார்களும் போய்க்கொண்டிருந்தன. நான் ஒரு காலைத் தூக்கினேன். வைக்க முடியவில்லை. மறுபடியும் பழைய இடத்தில் வைத்தேன். நானா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு அவருக்குப் புரிந்தது. தன் கையை ஒருமுறை பார்த்தார். அதை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு மாட்டு வண்டி போகும்வரை பொறுத்திருந்து, ரோட்டைக் கடந்து நான் நின்ற பக்கத்துக்கு அவரே வந்தார்.